விடியற்காலையில் எழ மறுக்கும் பழைய பிக்கப்: கேள்வி பதில்

கேள்வி (அணைக்கட்டு): இருபது வருடப் பழைய டீசல் பிக்கப். விடியற்காலை 4 மணிக்கு இலவம்பாடிக் கத்திரிக்காயை ஏற்றிக்கொண்டு வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குக் கிளம்பினால் பத்து முறை செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. மதியம் ஒரே அடியில் பிடிக்கிறது. பேட்டரி புதிது. டேஷ்போர்டில் சுருள் விளக்கு எரிந்து அணைகிறது.

பதில்: அண்ணே, செல்ஃப் அடிக்கும்போது சைலன்சர் பக்கம் ஒருவரை நிறுத்துங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அமுக்கப்பட்ட காற்றின் சூடுதான் பற்றவைக்கிறது. மார்கழிக் குளிரில் குறையும் அந்தச் சூட்டை ஈடுகட்டத்தான் ஹீட்டர் பிளக். டேஷ்போர்டில் எரியும் சுருள் விளக்கு அந்த பிளக்குக்கானதுதான்; ஆனால் அது எரிவதால் பிளக் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். பிளக்கின் ஒயரைக் கழற்றி, டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, மறுமுனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வையுங்கள். லாம்ப் எரியாத பிளக் போய்விட்டது. நான்கும் சரியென்றால் பிளக்குகளுக்குக் கரண்ட் அனுப்பும் ரிலேயைப் பாருங்கள்.

புகையே இல்லையென்றால் டீசல் வரவில்லை. இரவில் எங்கோ காற்று புகுந்து, பைப்பில் உள்ள டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. பில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு சாண் நீளத்துக்கு, உள்ளே ஓடுவது தெரியும் ஹோஸ் மாட்டிப் பாருங்கள். குமிழ் ஓடினால் பில்டர் வாஷர், கை பம்பு, பைப் முனை மூன்றையும் சோதியுங்கள். எஞ்சினைக் கிளப்ப காற்று போகும் வழியில் அடிக்கும் ஈதர் ஸ்பிரே மட்டும் வேண்டாம்.

கேள்வி (திருப்பத்தூர்): ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி திணறுகிறது. ஆக்சிலேட்டர் மிதித்தாலும் இழுக்கவில்லை.

பதில்: கரும்புகை வந்தால் ஏர் பில்டர், டர்போ ஹோஸ் இரண்டையும் பாருங்கள். புகை இல்லாமல் திணறினால் டீசல் பில்டரைப் பாருங்கள். டேங்க் மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் மூடியின் மூச்சுத்துளை அடைத்திருக்கிறது.

கேள்வி (பேரணாம்பட்டு): காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை, என்ன செய்வது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். புகையின் நிறத்தை எழுதுங்கள்.

கேள்வி (குடியாத்தம்): ஈதர் வேண்டாம் என்கிறீர்கள். எங்கள் அப்பா பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டித்தான் இருபது வருடம் லாரியைக் கிளப்பினார். ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: தம்பி, அப்பாவின் லாரியில் ஹீட்டர் பிளக் இருந்திருக்காது. உங்கள் பிக்கப்பில் அது தணலாகக் கனன்றுகொண்டிருக்கும். ஈதரோ பெட்ரோல் ஆவியோ அதைத் தொட்டால் பிஸ்டன் மேலே வந்து சேருமுன்னே வெடிக்கும். ரிங் பள்ளத்தின் விளிம்பு பிறைநிலாவாகப் பெயர்ந்த பிஸ்டன் ஒன்று என் பட்டறை அலமாரியில் இருக்கிறது. காய்கறி வண்டிதான் அதுவும். அரைநாள் வேலைக்குச் சோம்பியவர் எஞ்சினையே இறக்க நேர்ந்தது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி (ஆம்பூர்): கொஞ்சமாக அடித்தால்கூடவா?

பதில்: கொஞ்சமும் கூடாது.

கேள்வி (ஜவ்வாது மலை): வெள்ளைப் புகை. நான்கில் மூன்று பிளக்கில் லாம்ப் எரியவில்லை.

பதில்: நான்கையும் மாற்றுங்கள். பழைய பிளக் கரி பிடித்து இறுகியிருக்கும். எஞ்சின் சூடாக இருக்கும்போது, எண்ணெய் விட்டு, மெதுவாகத் திருப்புங்கள். முறிந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும்.