அம்மா இல்லாத புலிக்குட்டி வேட்டையாடுமா?

சார் வணக்கம். நீங்க ராஜஸ்தான்ல ரந்தம்போர் புலிக்காட்டுக்குப் போய்ட்டு வந்து எழுதினதை என் பொண்ணுக்குப் படிச்சுக் காட்டினேன், ஆறாவது படிக்கிறா. "தாய்ப்புலி குட்டிக்கு வேட்டை சொல்லிக் கொடுக்கும்"னு வர்ற இடத்துல நிறுத்திட்டு, அப்போ அம்மா செத்துட்டா குட்டி பட்டினியா கிடக்குமான்னு கேக்கறா. எனக்குப் பதில் தெரியல. நம்ம வால்பாறையில தாய் இல்லாம கிடைச்ச புலிக்குட்டிதான் ஞாபகம் வந்துச்சு. நீங்களே சொல்லுங்க.
ஒரு வாசகி, பொள்ளாச்சி

வணக்கம்மா. உங்க பொண்ணு என்னை மாட்டி விட்டுட்டா. அந்த வரி நான் சோம்பேறித்தனமா எழுதினது. தாய்ப்புலி வாத்தியார் மாதிரி உக்கார வச்சு எதையும் சொல்லிக் கொடுக்கறதில்ல. பதுங்கறது, பாயறது, கழுத்தைப் பிடிக்கப் பாக்கறது எல்லாம் பிறவியிலயே வர்றது, வீட்டுப் பூனைக்குட்டி நூலைப் பாத்துப் பாயுதே அதேதான்.

பிறவியில வராதது எதுன்னு ரந்தம்போர்லயே ஒரு காலைல பாத்தேன், ஏனோ கட்டுரையில எழுதாம விட்டுட்டேன். ஒன்றரை வயசு இருக்கும்னு கைடு சொன்னார், பொட்டைப்புலி. ஏரிக்கரைப் புல்லுல வயித்தைத் தரையோட ஒட்டிக்கிட்டு புள்ளிமான் கூட்டத்தைப் பாத்து நகருது, மான் தலை நிமிந்தா தூக்கின கால் தூக்கினபடியே நிக்குது, குனிஞ்சா அடுத்த அடி. எல்லாம் சரியாத்தான் பண்ணுச்சு, மேல மரத்துல லங்கூர் குரங்கு உக்காந்திருக்கறதை மட்டும் கவனிக்கல. அது ஒரு கத்து கத்துச்சு பாருங்க, மானெல்லாம் வாலைத் தூக்கிட்டு முன்னங்காலால தரையைத் தட்டுது. அங்கயே முடிஞ்சது கதை, அனுபவப்பட்ட புலின்னா எந்திரிச்சு வேற வேலையைப் பாக்கப் போயிருக்கும். இது அதுக்கப்புறமும் பாய்ஞ்சுது, நாப்பதடி ஓடி நின்னு, ஒண்ணுமே நடக்காத மாதிரி உக்காந்து காலை நக்கிட்டிருந்துச்சு.

பெரிய புலிக்கே பத்துப் பதினஞ்சு தடவை முயற்சி பண்ணினா ஒண்ணு மாட்டினா பெருசு. ஒரு வயசு தாண்டித்தான் பால்பல் விழுந்து நல்ல கோரைப்பல் வரும், அதுக்கு முன்னாடி கடமான் கழுத்தைக் கவ்வினாலும் பிரயோஜனமில்ல. அப்போ தாய் கொடுக்கறது பாடம் இல்ல, ரேஷன். ரெண்டு வயசு வரைக்கும் எத்தனை தடவை கோட்டை விட்டாலும் அம்மா அடிச்ச மான் ஒண்ணு எங்கயாவது கிடக்கும். பொண்ணா இருந்தா பெரும்பாலும் அம்மா இடத்துக்குப் பக்கத்துலயே செட்டில் ஆயிடும், எந்தத் தண்ணிக்கு எது எப்போ வரும்னு ஏற்கனவே தெரிஞ்ச காடு. பசங்கதான் பாவம், தூரமா போய் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்.

தாய் இல்லாம முடியுமான்னா, முடியும், மனுஷன் அந்த ரேஷனைப் போட்டா. மத்தியப் பிரதேசத்துல கன்ஹா புலிகள் காப்பகத்துல 2005-ல தாயை இழந்த ரெண்டு பொட்டைக்குட்டிங்களை வேலி போட்ட காட்டுக்குள்ள வளத்தாங்க, உள்ளயே உயிரோட மான் விட்டு. அதே மாநிலத்துல பன்னா காப்பகத்துல 2009-ல புலியே இல்லாம போயிருந்துச்சு, அங்க கொண்டுபோய் 2011 மார்ச்ல ஒண்ணு, நவம்பர்ல இன்னொண்ணு விட்டாங்க. டி4, டி5னு பேரு. காட்டுல தானா அடிச்சுத் தின்னுச்சுங்க, டி4 அங்கயே குட்டியும் போட்டா. ஆனா கணக்கைப் பாருங்க, தாயோட வளந்தா ரெண்டு வருஷம், இதுங்க வெளிய வர்றதுக்கு அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு.

உங்க ஊர்ப்பக்கத்து வால்பாறைக் குட்டி ஆண். 2021 செப்டம்பர்ல முடீஸ் எஸ்டேட்ல கிடைச்சப்போ எலும்பும் தோலுமா, உடம்புல முள்ளம்பன்றி முள் குத்தின காயத்தோட இருந்துச்சு. மந்திரிமட்டத்துல 10,000 சதுர அடிக்குப் பெரிய கூண்டு கட்டினாங்க, வேட்டைக்குப் பழக்கத்தான். முள்ளம்பன்றி விஷயத்துல மட்டும் குட்டியைக் குறை சொல்ல மாட்டேன், முழு வளர்ச்சியடைஞ்ச புலிங்களே அந்த முள்ளு குத்திச் செத்திருக்கு.

அந்த வரியை இன்னைக்கே மாத்திட்டேன்னு பொண்ணுகிட்ட சொல்லிடுங்க.