டூம் 3: முதலில் எஞ்சின், பிறகு மாட்

கேள்வி: 2004-இல் வந்த டூம் 3 கேமை ஸ்டீமில் வாங்கினேன். புது லேப்டாப்பில் திரை முழுக்க இழுபட்டுத் தெரிகிறது. டார்ச்சைப் பிடித்தால் சுட முடியவில்லை. இணையத்தில் கிடைத்த மூன்று மாட்களை (கேமை மாற்ற ரசிகர்கள் செய்த ஃபைல்களை) பேஸ் ஃபோல்டரில் போட்டேன். ஒரு தடவை திறந்தது, ஆனால் பழைய சேவ் ஃபைலை லோட் செய்தால் லெவலின் ஆரம்பத்துக்கே போய்விட்டது. இப்போது கேம் திறக்கவே இல்லை. எதை, எந்த வரிசையில் போட வேண்டும்?

பதில்: முதலில் உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று பாருங்கள். பேஸ் ஃபோல்டரில் பிகே4 என்று முடியும் ஃபைல்கள் இருந்தால் அது 2004-இன் மூலப் பதிப்பு. ரிசோர்சஸ் என்று முடிந்தால் அது 2012-இல் வந்த பிஎஃப்ஜி எடிஷன். இரண்டுக்கும் ஒரே கதை, ஒரே லெவல்கள்தான். ஆனால் ஒன்றுக்கு எழுதிய மாட் மற்றதில் ஓடாது. பாதிப் பேர் சிக்கிக்கொள்வது இங்கேதான். கீழே சொல்வது மூலப் பதிப்புக்கு. பிஎஃப்ஜி வைத்திருப்பவர்கள் ஆர்பிடூம்-3-பிஎஃப்ஜி என்ற தனி எஞ்சினை, அதாவது கேமை இயக்கும் நிரலைத் தேட வேண்டும்.

அடுத்து, பேஸ் ஃபோல்டரைச் சுத்தம் செய்யுங்கள். கேமின் சொந்தப் பொதிகள் பேக்000 முதல் பேக்008 வரை மொத்தம் 9 பிகே4 ஃபைல்கள், கூடவே கேம்00, கேம்01 என்று தொடங்கும் சிறிய சில. நீங்கள் போட்டதை எல்லாம் வேறு இடத்துக்கு நகர்த்துங்கள், அழிக்க வேண்டாம். பேக்004-உடன் நின்றுவிட்டால் அது பழைய டிஸ்க் நிலை. 1.3.1 பேட்ச் (பிறகு வந்த திருத்தம்) ஏறவில்லை என்று பொருள், அதைப் போடாமல் மேலே போகாதீர்கள்.

இனி எஞ்சின். கேமை உருவாக்கிய இட் சாஃப்ட்வேர் 2011 நவம்பரில் டூம் 3-இன் மூல நிரலை, யாரும் மாற்றிப் பகிரலாம் என்ற ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டது. நிழல் வரையும் முறையில் ஒரு காப்புரிமைச் சிக்கல் இருந்ததால் அந்நிறுவனத்தின் நிரலாளர் ஜான் கார்மாக் அந்தச் சில வரிகளை மாற்றி எழுதிய பிறகே அது வெளியே வந்தது. அந்த நிரலிலிருந்து ரசிகர்கள் வளர்த்ததுதான் டி-எச்-இ-டபிள்யூ-எம்-3 என்ற எழுத்துகளில் தேட வேண்டிய எஞ்சின். 'டூம்' என்பதையே வேடிக்கையாக எழுதிய பெயர் அது. குழப்பம் வராமல் இருக்க இங்கே 'புது எஞ்சின்' என்றே சொல்கிறோம்.

அதைத் தனி ஃபோல்டரில் பிரியுங்கள், உள்ளே பேஸ் என்று ஒரு ஃபோல்டர் வைத்து அந்த 9 பேக் ஃபைல்களை மட்டும் காப்பி செய்யுங்கள். கேம்00 வகை ஃபைல்கள் வேண்டாம், அவற்றில் இருப்பது பழைய எஞ்சினுக்கான டிஎல்எல் (எஞ்சினோடு சேர்ந்து ஓடும் நிரல் ஃபைல்). ரிசரக்‌ஷன் ஆஃப் ஈவில் விரிவாக்கமும் வேண்டுமானால் டி3எக்ஸ்பி ஃபோல்டரில் அதன் பேக்000, பேக்001 இரண்டையும் வையுங்கள்.

திறந்ததும் எஃப்10 அழுத்துங்கள் (பதிப்பு 1.5.4 முதல் இந்த மெனு உண்டு). திரையின் அளவை அங்கேயே தேர்ந்தெடுக்கலாம். அகலத் திரைக்கு ஏற்பப் பார்வைக் கோணத்தை எஞ்சினே விரித்துக்கொள்ளும், ஆகவே இழுபட்ட படம் அத்தோடு தீர்ந்தது. மெயின் மெனுவை 4:3-இலேயே வைக்கும் வசதியை விட்டு வையுங்கள். ஹெல்த், தோட்டா எண்கள் கொஞ்சம் அகன்று தெரிந்தால் அதற்கு ஹெச்யுடி ஃபைலை மட்டும் மாற்றும் சிறு மாட் போதும். பழைய எஞ்சின் காமாவை (திரையின் வெளிச்ச அளவை) டெஸ்க்டாப் முழுவதற்கும் மாற்றிவிடும், கேம் கிராஷ் ஆனால் திரை வெளுத்தே நிற்கும். புதியது கேமுக்குள் மட்டும் மாற்றுகிறது. ஒலி அமைப்பில் இஏஎக்ஸ் எதிரொலியை ஆன் செய்யுங்கள். அன்று அதற்குத் தனி சவுண்ட் கார்டு தேவைப்பட்டது, இன்று எந்த லேப்டாப்பிலும் ஓடும். இரும்புத் தாழ்வாரத்தில் தூரத்து உறுமல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியத் தொடங்கும். இந்தக் கேமில் வேறு எந்த மேம்பாட்டையும்விட இதுவே அதிகம் தருகிறது.

டெக்ஸ்சர், அதாவது சுவர் போன்ற பரப்புகளில் ஒட்டும் படங்களின் தரத்தை அல்ட்ராவில் வையுங்கள். 2004-இல் அதற்கு 512 எம்பி வீடியோ மெமரி கேட்டார்கள், இன்று அது ஒரு பொருட்டே இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. ஹை வரையிலான தரங்களில் எஞ்சின் முன்பே சுருக்கிய டிடிஎஸ் படங்களைத்தான் முதலில் தேடும். டிஜிஏ என்ற வேறு பட வடிவில் வரும் டெக்ஸ்சர் மாட்டைப் போட்டும் எதுவும் மாறாமல் இருப்பதற்கு இதுவே வழக்கமான காரணம். ஆனாலும் பெரிய டெக்ஸ்சர் மாட்கள் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பரப்பைக் கூர்மையாக்கிப் பளபளப்பைக் கூட்டும்போது சுவரெல்லாம் ஈரப் பிளாஸ்டிக் போலாகிறது. கேமின் பயமே நிழலின் கறுப்பில் இருக்கிறது, அது கெட்டுவிடும்.

மாட்களுக்கு ஒரே விதி: பேஸில் எதையும் போடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் பேஸுக்குப் பக்கத்தில் தனி ஃபோல்டர் வையுங்கள், மெயின் மெனுவின் 'மாட்ஸ்' பகுதியில் அது வரும். பிடிக்காவிட்டால் ஃபோல்டரை நீக்கினால் போதும். ஒரே ஃபோல்டரில் இரண்டு மாட்களைச் சேர்த்தால், இரண்டும் மெஷின்கன்னின் ஸ்கிரிப்டை (அது எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும் கட்டளை ஃபைலை) தொட்டிருக்கும்போது, அகர வரிசையில் பின்னால் வரும் பிகே4-தான் செல்லும். முன்னதன் மாற்றம் சத்தமில்லாமல் காணாமல் போகும், அல்லது பாதி இது பாதி அது என்று நின்று எரர் வரும்.

உங்கள் கேம் திறக்காமல் போனதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது டிஎல்எல். சில மாட்கள் தங்கள் பிகே4-க்குள் சொந்த டிஎல்எல்லைக் கொண்டுவரும், அது பேஸில் விழுந்தால் கேமின் சொந்த டிஎல்எல்லோடு மோதும். புது எஞ்சினில் அந்தப் பழைய டிஎல்எல் ஓடவே ஓடாது. அந்த மாட்டின் பெயரிலேயே புது எஞ்சினுக்காக மீண்டும் கம்பைல் செய்த டிஎல்எல் வேண்டும். கிளாசிக் டூம், டென்டன் மாட் போன்ற சிலவற்றுக்கு எஞ்சினை உருவாக்கியவர்களே தனிப் பொதியாகத் தந்திருக்கிறார்கள், அதை எஞ்சின் ஃபைலுக்குப் பக்கத்தில் வையுங்கள். அப்படி இல்லாத டிஎல்எல் மாட்டை விட்டுவிடுங்கள். வெறும் ஸ்கிரிப்ட், டெக்ஸ்சர், ஒலி மாற்றும் மாட்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

டார்ச்சுக்கு டக்ட் டேப் மாட் உண்டு. மெஷின்கன்னிலும் ஷாட்கன்னிலும் விளக்கைக் கட்டிவிடும், மற்றத் துப்பாக்கிகள் பழையபடியே. எல்லாத் துப்பாக்கிக்கும் வெளிச்சம் தரும் மாட்களைவிட இது நல்லது, வெளிச்சம் வேண்டுமா வலிமை வேண்டுமா என்ற தேர்வு பாதியாவது மிஞ்சும். ஆனால் முதல் முறை ஆடுகிறீர்கள் என்றால் இதுவும் வேண்டாம். கையில் ஒன்றுதான் என்ற நெருக்கடியை வைத்தே அறைகள் அமைக்கப்பட்டிருக்கின்றன.

சேவ் பிரச்சினைக்கு வருவோம். சேவில் ஸ்கிரிப்ட்களின் சரிபார்ப்பு எண்ணும் பதிவாகும். பிறகு ஸ்கிரிப்டைத் தொடும் மாட்டைப் போட்டால் எண் பொருந்தாது. எஞ்சின் அந்த சேவ் ஃபைலை விட்டுவிட்டு லெவலை ஆரம்பத்திலிருந்து திறக்கும். சேவ் கெடவில்லை, மாட்டை எடுத்தால் முன்போலத் திறக்கும். பழைய எஞ்சினின் சேவ்கள் புது எஞ்சினின் பட்டியலில் வராது, அது டாகுமென்ட்ஸில் மை கேம்ஸ் என்பதற்குள் தனி ஃபோல்டர் வைத்துக்கொள்கிறது. எனவே மாட் எது என்று முடிவு செய்து, முதல் லெவலைச் சிறிது ஆடிப் பார்த்துவிட்டு, புதிதாக ஆட்டத்தைத் தொடங்குங்கள். நடுவில் ஆசைப்பட்டால் டெக்ஸ்சரையோ ஒலியையோ மட்டும் மாற்றலாம், ஸ்கிரிப்டைத் தொடாதீர்கள்.