பச்சை போய்ச் சிவப்பு வந்தால் போதுமா?

கேள்வி: சோடியம் இட்ரியம் ஃப்ளூரைடு நானோதுகளில் லேசரை உறிஞ்சும் இட்டெர்பியம் 20, அதனிடம் ஆற்றல் வாங்கி ஒளிரும் எர்பியம் 2 மோல் சதவீதம் சேர்த்திருக்கிறோம். 980 நானோமீட்டர் லேசர் பட்டால், சைக்ளோஹெக்சேன் என்ற கரிமக் கரைப்பானில் பளிச்சென்று பச்சையாக ஒளிர்கிறது. துகளை மூடியிருக்கும் எண்ணெய்த்தன்மையுள்ள ஓலியேட்டை நீக்கித் தண்ணீருக்கு மாற்றியதும் மங்கி, சிவப்பு பக்கம் சாய்கிறது. எங்களுக்கு வேண்டியது சிவப்புதான். இப்படியே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். உங்களுக்குச் சிவப்பு கூடவில்லை. பச்சை அதைவிட அதிகமாகக் குறைந்திருக்கிறது. நீரின் ஓ-ஹெச் பிணைப்பு அதிர்வுகள் துகளின் மேற்பரப்பிலுள்ள அயனிகளின் ஆற்றலை வெப்பமாக உறிஞ்சிவிடுகின்றன. எர்பியம் தன் இடை ஆற்றல் நிலையிலிருந்து ஒரு படி கீழே இறங்கி, அங்கிருந்து 655 நானோமீட்டர் சிவப்பை உமிழும் நிலைக்கு ஏறுகிறது. 540 நானோமீட்டர் பச்சைக்குப் போகும் பங்கு சுருங்குகிறது.

முதலில் ஒளி இழப்பைத் தடுங்கள். ஒளிரும் துகளான கருவின் மேல், ஒளிரும் அயனி எதுவும் சேர்க்காத சோடியம் இட்ரியம் ஃப்ளூரைடு உறை, சில நானோமீட்டர் தடிமனில் இருக்க வேண்டும். கழுவிய கருவை ஓலியிக் அமிலமும் ஆக்டடெசீனும் கலந்த இட்ரியம் ஓலியேட் கரைசலில் சேர்த்து, மெத்தனாலில் கரைத்த சோடியம் ஹைட்ராக்சைடு, அம்மோனியம் ஃப்ளூரைடு விட்டு, 50 டிகிரியில் அரை மணி நேரம் கலக்குங்கள். பிறகு 100 டிகிரியில் மெத்தனாலை முழுக்க வெளியேற்றிவிட்டுத்தான் ஆர்கான் வாயுவில் 300 டிகிரிக்குப் போக வேண்டும். மிச்சம் இருந்தால் பொங்கி வழியும். எல்லாம் ஆய்வகத்தின் புகை உறிஞ்சும் பெட்டிக்குள்தான். எலக்ட்ரான் நுண்நோக்கியில் இரண்டு அளவுத் துகள்கள் தெரிந்தால், உறைக்கான பொருள் கருவின் மேல் படியாமல் தனியே புதுத் துகளாகிவிட்டது என்று பொருள். அப்போது உறைப்பொருளின் அளவைக் குறைத்துப் பல தவணையாகச் சேருங்கள்.

நிறத்தை மாற்ற வேண்டியது கருவுக்குள். இட்டெர்பியத்தை 60 சதவீதம் வரை உயர்த்தினால், எர்பியம் ஆற்றலைத் திருப்பி இட்டெர்பியத்துக்கே கொடுப்பது கூடி, பச்சை வடிந்து சிவப்பு மிஞ்சும். ஆனால் அந்த ஆற்றல் அயனிக்கு அயனி தாவி மேற்பரப்பு வரை ஓடும். உறையில்லாமல் இதைச் செய்தால் மொத்தமே அணைந்துபோகும். இட்டெர்பியம் 18, எர்பியம் 2 உடன் மாங்கனீசு 30 சதவீதம் சேர்ப்பது இன்னும் சுத்தமான வழி: பச்சை கிட்டத்தட்ட மறைந்துவிடும். படிகம் மட்டும் அறுகோணத்திலிருந்து கனசதுரத்துக்கு மாறும். கனசதுரம் இயல்பிலேயே மங்கல். படிக அமைப்பை எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் (டிஃப்ராக்‌ஷன்) பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நம் கண் பச்சையைத்தான் தூக்கிக் காட்டும். நிறமாலையில் பச்சை, சிவப்புப் பட்டைகளின் பரப்பை ஒரே லேசர் திறனடர்த்தியில் (ஒரு பரப்பில் விழும் திறனில்) ஒப்பிடுங்கள், ஏனெனில் அடர்த்தி மாறினாலே விகிதமும் மாறும். தண்ணீர் 980-ஐ உறிஞ்சிச் சூடேறுவதால் 525, 540 ஆகிய இரண்டு பச்சைப் பட்டைகளின் விகிதமும் நகரும். அது தொந்தரவாக இருந்தால் நியோடிமியம் சேர்த்த உறையிட்டு 808 நானோமீட்டருக்குப் போகலாம். எந்த லேசரானாலும் அதன் அலைநீளத்துக்குரிய பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். இந்தக் கதிர் சரியாகத் தெரியாததால் கண் தானாக மூடிக்கொள்ளாது.