காப்பிக்கொட்டை அரைக்க எந்த மெஷின்?

கேள்வி: வறுத்த காப்பிக்கொட்டையை வாங்கி மிக்ஸியில் அரைக்கிறோம். பில்டரில் டிகாக்ஷன் ஒரு நாள் இறங்கவே மறுக்கிறது. மறுநாள் தண்ணீராக ஓடிவிடுகிறது. வீட்டில் மூன்று பேர். விலை கட்டுப்படியாகி, நெடுநாள் உழைக்கும் மெஷினாக எதை வாங்கலாம்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: மிக்ஸியின் பிளேடு கொட்டையை வெட்டிச் சிதறடிப்பதால், மாவு போன்ற தூளும் பெருங்குருணையும் ஒரே ஜாரில் சேர்ந்தே கிடைக்கின்றன. மாவு மிகுந்த அன்று பில்டரின் துளைகள் அடைபடுகின்றன. குருணை மிகுந்த அன்று வெந்நீர் சாரத்தை எடுக்காமலே வழிந்துவிடுகிறது. ஒன்றுக்குள் ஒன்று அமைந்த இரண்டு பற்களுக்கு இடையே கொட்டையை நெரித்து, அந்த இடைவெளிக்கு ஏற்ப நொறுங்கிய பின்னரே கீழே விடும் 'பர்' வகை மெஷினே உங்களுக்குத் தேவை. காபி கிரைண்டர் என்ற பெயரில் விற்கப்படும் சிறிய மின்சார மெஷின்கள் பலவற்றில் இருப்பதும் பிளேடுதான் என்பதால், மூடியைத் திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

மூன்று பேருக்குக் கையால் சுற்றும் மெஷினே போதும் என்பது என் உறுதியான கருத்து. மோட்டாருக்குச் செலவு இல்லாததால், அதே விலைக்கு நல்ல பல் கிடைக்கிறது. பழுதாகக்கூடிய பாகங்களும் குறைவு. எஃகுப் பல்லாக இருக்கட்டும். பீங்கான் பல் துருப்பிடிக்காது என்றாலும், கொட்டையோடு ஒரு சிறு கல் வந்துவிட்டால் விளிம்பு உடையக்கூடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது நடுத்தண்டு: மேலும் கீழும் பேரிங்கில் நிற்காமல், சுற்றும்போது ஆடுகின்ற தண்டுள்ள மெஷின், பல் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் சீராக அரைக்காது. டைம்மோர் சி2 போன்ற கைமெஷின்கள் ஒரு தடவைக்கு 20 முதல் 25 கிராம் வரைதான் கொள்ளும் என்பதால், உங்கள் வீட்டுக்கு இரண்டு தடவை சுற்ற நேரலாம். மேஜை விளிம்பில் திருகி மாட்டும் பழைய வார்ப்பிரும்பு மெஷின் பரணில் இருந்தால், பல் மழுங்கியிருக்கிறதா என்று முதலில் அதைப் பாருங்கள். செலவே இல்லாமல் போகலாம்.

தூள் ரவையைவிடச் சற்று நைசாக இருக்கட்டும்; டிகாக்ஷன் இறங்கத் தாமதித்தால் பற்களின் இடைவெளியை ஒரு படி பெரிதாக்குங்கள். எஃகுப் பல்லைத் தண்ணீரில் கழுவாமல் பிரஷ்ஷால் துடையுங்கள். சிக்கரி ஈரத்தை இழுத்துப் பற்களில் அப்பிக்கொள்ளும் என்பதால், அதை அரைத்த பொடியோடு பின்னர்க் கலந்துகொள்ளுங்கள்.