"எப்படியும் எனக்குத்தானே?"

கேள்வி: எனக்கு வயது 64. கணவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. 1998இல் அவர் என் பெயரில் வாங்கிய வீட்டில் தனியாக வசிக்கிறேன். மகன் சென்னையில், மகள் திருச்சியில். "எப்படியும் எனக்குத்தானே வரப்போகிறது, இப்போதே செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிடுங்கள் அம்மா" என்கிறான் மகன். வங்கியிலுள்ள 20 லட்சத்தையும் அவனோடு கூட்டுக் கணக்காக மாற்றச் சொல்கிறான். சென்ற மாதம் ஒரு திருமணத்திற்கு அரக்கு நிறப் பட்டுப்புடவை கட்டிச் சென்றேன். "இந்த நிலையில் இது தேவையா?" என்று நாத்தனார் நாலு பேர் முன்னிலையில் கேட்டார். மகன் பேசாமல் நின்றான். நான் என்ன செய்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வீட்டையும் புடவையையும் தனித்தனிப் பிரச்சினைகளாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே படுகின்றன. நீங்கள் இருக்கும்போதே உங்கள் இடத்தைக் காலி செய்யச் சொல்கிறார்கள். மகன் அன்பாகச் சொல்கிறார், நாத்தனார் அன்பில்லாமல் சொல்கிறார்.

முதலில் அந்த "எப்படியும்" என்ற சொல்லைப் பார்ப்போம். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 14ஆம் பிரிவின்படி, ஒரு பெண்ணின் பெயரிலுள்ள சொத்துக்கு அவரையே முழு உரிமையாளராகக் கொள்கிறது. நீங்கள் உயில் எழுதாமல் காலமானால், வீடு மகனுக்கும் மகளுக்கும் சமமாகப் போகும். ஆகவே "எப்படியும்" மகனுக்கு வரக்கூடியது பாதி வீடுதான். முழு வீடும் வர வேண்டுமானால் உங்கள் கையெழுத்து வேண்டும். உங்கள் மகன் இதை அறிந்து கேட்கிறாரா, அறியாமல் கேட்கிறாரா என்று எனக்குத் தெரியாது. கடிதத்தில் மகளைப் பற்றி ஊர்ப்பெயருக்கு மேல் ஒரு வரிகூட இல்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

செட்டில்மென்ட் என்பது உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றிக் கொடுக்கும் பத்திரம். அது பதிவாகி, மகன் அதை ஏற்றுக்கொண்ட பிறகு, மனம் மாறியது என்று நீங்களாக அதை ரத்துசெய்ய முடியாது. உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். அதற்கு முத்திரைத்தாளும் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகளின் கையொப்பம் போதும். பத்திரம் எழுதுபவரிடம் போனால் இந்த வித்தியாசத்தை அவராக எடுத்துச் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

"பெற்றோரைக் காக்கச் சட்டம் இருக்கிறதே" என்று யாராவது தைரியம் சொல்லலாம். 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தில், கவனிக்காத பிள்ளையிடமிருந்து எழுதிக் கொடுத்த சொத்தைத் திரும்பப் பெற வழிசெய்யும் 23ஆம் பிரிவு இருப்பது உண்மைதான். ஆனால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்து மாற்றப்பட்டிருந்தால்தான் அந்தப் பிரிவு உதவும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத் தாய் ஒருவருக்கு வீடு திரும்பக் கிடைத்ததற்குக் காரணம், தானப்பத்திரம் எழுதிய அன்றே, கடைசிவரை கவனித்துக்கொள்வதாக மகன் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு தாளை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதுதான். எனவே எழுதித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு வந்தால், நீங்கள் உள்ளவரை அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமையையும் பராமரிப்பு நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதச் செய்யுங்கள். என்னைக் கேட்டால், இப்போது உயில் போதும், அதுவும் மகளையும் நினைத்து.

பணத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். 2023 ஏப்ரலில் அதன் உச்சவரம்பு 30 லட்சமாகவும் வட்டி 8.2 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டன. அந்த விகிதத்தில் 20 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 ரூபாய் வரும். இத்திட்டத்தில் கணவன் அல்லது மனைவியோடு மட்டுமே கூட்டுக் கணக்கு வைக்க முடியும். மகனைச் சேர்க்க விதியில் இடமில்லை என்று நீங்கள் மனச்சங்கடமின்றிச் சொல்லலாம், அது உண்மையும்கூட. நியமனதாரர்களாக (நாமினி) இரண்டு பிள்ளைகளையும் எழுதிவையுங்கள்.

புடவை விஷயத்தில் எனக்கு நெடிய விளக்கம் தேவைப்படவில்லை. உங்கள் நாத்தனார் கேட்டது ஒரு காலத்தில் வழக்கம் என்ற பெயரில் பெண்கள்மேல் சுமத்தப்பட்ட தண்டனையின் மிச்சம். அதற்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. அங்கே வாய் திறந்திருக்க வேண்டியவர் உங்கள் மகன்.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை: வீட்டின் மூலப்பத்திரம் இப்போது யாருடைய பீரோவில் இருக்கிறது? சென்னையில் என்றால், அடுத்த முறை போகும்போது கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். போகும்போது அந்த அரக்குப் புடவையையே கட்டிக்கொள்ளலாம்.