ஜி.ஐ. ஜோ: 1ஆம் இதழா, 301ஆம் இதழா?

கேள்வி: சின்ன வயதில் பன்ஸ்கூல் ஜி.ஐ. ஜோ பொம்மைகளை வைத்து விளையாடியவன் நான். அந்த அமெரிக்க வீரர்களின் காமிக்ஸ் மறுபடி வருகிறது என்று கேள்விப்பட்டுத் தேடினால், ஒரு கடையில் 1ஆம் இதழ் என்கிறார்கள், இன்னொரு கடையில் 301ஆம் இதழ் என்கிறார்கள். பதிப்பகம் ஒன்றுதான். டல்லாஸிலிருந்து மைத்துனர் ஊருக்கு வருகிறார். எதை வாங்கிவரச் சொல்வது? உருமாறும் ரோபோக்களின் கதையான டிரான்ஸ்பார்மர்ஸும் படித்தால்தான் புரியுமாமே? (ஓசூர் வாசகர்)

பதில்: இரண்டுமே அசல்தான், ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கதைகள். பெயர் ஒன்றாக இருப்பதால் பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

301ஆம் இதழ் பழைய கதையின் தொடர்ச்சி. மார்வெல் பதிப்பகம் 1982இல் தொடங்கி 1994 வரை 155 இதழ்கள் போட்டது. ஐடிடபிள்யூ என்ற பதிப்பகம் 2010இல் விட்ட இடத்திலிருந்து எடுத்து 2022இல் 300ஐத் தொட்டு நிறுத்தியது. 2023 நவம்பரில் ஸ்கைபவுண்ட், அதாவது நீங்கள் சொல்லும் பதிப்பகம், 301இலிருந்து தொடர்ந்தது. எழுதுபவர் அன்றைக்கும் லேரி ஹாமா, 301இலும் லேரி ஹாமா. வியட்நாமில் அமெரிக்க ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். உங்கள் பொம்மை அட்டைக்குப் பின்னால் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு குறிப்பு இருக்குமே, அவற்றில் பெரும்பாலானவையும் அவர் எழுதியவையே.

1ஆம் இதழ் புத்தம் புதிய கதை. எனர்ஜான் யுனிவர்ஸ் என்று ஸ்கைபவுண்ட் 2023இல் ஓர் உலகத்தைத் தொடங்கியது. ஜி.ஐ. ஜோ வீரர்களும் டிரான்ஸ்பார்மர்ஸ் ரோபோக்களும் அதில் ஒரே பூமியில் வாழ்கிறார்கள். முதலில் டியூக், கோப்ரா கமாண்டர், ஸ்கார்லெட், டெஸ்ட்ரோ என்று கதாபாத்திரங்களின் பெயரிலேயே நான்கு குறுந்தொடர்கள், தலா 5 இதழ். அதற்கப்புறம்தான், 2024 நவம்பரில், ஜோஷுவா வில்லியம்சன் எழுத, டாம் ரைலி வரைய, ஜி.ஐ. ஜோ 1ஆம் இதழ் வந்தது.

நீங்கள் புதிதாகத் தொடங்குபவர் என்பதால் மைத்துனரிடம் "டியூக்" தொகுப்பை மட்டும் முதலில் கேளுங்கள். ஒரு சிப்பாய் தன் கண்ணெதிரே போர் விமானம் ரோபோவாக எழுந்து நிற்பதைப் பார்த்துவிடுகிறான், அவன் சொல்வதை யாரும் நம்பவில்லை. கதை அங்கிருந்து கிளம்புகிறது. டிரான்ஸ்பார்மர்ஸ் படிக்காமலே புரியும். பிடித்திருந்தால் அடுத்து கோப்ரா கமாண்டர், பிறகு ஜி.ஐ. ஜோ முதல் தொகுப்பு. ஸ்கார்லெட்டும் டெஸ்ட்ரோவும் நடுவில் படித்தால் நல்லது, விட்டாலும் குடி முழுகாது. டிரான்ஸ்பார்மர்ஸை டேனியல் வாரன் ஜான்சன் எழுதிய விதத்துக்காகவே தனியாக வாங்கலாம், அது வேறு கதை.

தனி இதழாக வாங்க வேண்டாம். இருபது சொச்சம் பக்கம், பெரும்பாலும் 4 டாலருக்குக் கொஞ்சம் குறைவு, அரை மணியில் முடிந்துவிடும். அதோடு மெல்லிய தாள், பெட்டியில் மடங்கிப்போகும். தொகுப்பில் ஐந்தாறு இதழ்கள் சேர்ந்தே வந்துவிடும். பழைய பொம்மை நாட்களுக்காகத்தான் ஏங்குகிறீர்கள் என்றால் 301இல் நுழையாதீர்கள், நடுவில் ஏறிய பயணி மாதிரி முழிப்பீர்கள். மார்வெல் காலத்து இதழ்களையே கனத்த தொகுப்புகளாக ஸ்கைபவுண்ட் வெளியிட்டிருக்கிறது. எடை மட்டும் கணக்குப் பாருங்கள், மைத்துனரின் பெட்டியில் இடம் வேண்டுமே.

கேள்வி: இணையத்தில் ஒருவர் ஜி.ஐ. ஜோ 1ஆம் இதழை "1:25 வேரியன்ட்" என்று சொல்லிப் பத்து மடங்கு விலை கேட்கிறார். பின்னாளில் விலை ஏறுமா?

பதில்: கடைக்காரர் சாதாரண அட்டையில் 25 பிரதி எடுத்தால் வேறு ஓவியம் போட்ட அட்டையில் ஒன்று கிடைக்கும், அந்தக் கணக்கைத்தான் 1:25 என்கிறார்கள். உள்ளே இருக்கும் கதை ஓர் எழுத்துகூட மாறாது. ஓவியம் பிடித்துச் சுவரில் மாட்டுவதானால் வாங்குங்கள். லாபத்துக்கு என்றால் நான் வாங்க மாட்டேன். இன்றைக்கு 1ஆம் இதழ்களை எல்லாரும் முதல் நாளே பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்துகிறார்கள், அப்புறம் தட்டுப்பாடு எங்கிருந்து வரும்? மார்வெல் போட்ட, வசனமே இல்லாத 1984ஆம் ஆண்டு ஜி.ஐ. ஜோ 21ஆம் இதழுக்கு மதிப்பு ஏறியதென்றால், அன்றைக்குப் பையன்கள் அதைப் படித்துக் கசக்கிப் போட்டதும் ஒரு காரணம். அதை விற்கிறேன் என்று யாராவது வந்தால், உள்ளே பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பக விவரத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மார்வெல் என்றும் 1984 என்றும் இல்லாவிட்டால் அது மறுபதிப்பு.

நானும் ஏமாந்திருக்கிறேன். "5 இதழ் செட்" என்று போட்டிருந்ததை நம்பி ஒரு கடையில் பணம் கட்டினேன். ஐந்து உறையையும் பிரித்தால், ஐந்திலும் அதே முதல் பக்கம். ஒரே இதழ், ஐந்து அட்டை. விவரத்தில் ஐந்துக்கும் ஒரே எண் போட்டிருந்ததை நான்தான் கவனிக்கவில்லை. திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். நான்கை நண்பர்களுக்குக் கொடுத்தேன்.

கேள்வி: பத்து வயது மகனுக்கு வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். பழைய கார்ட்டூனில் எல்லாரும் பாராசூட்டில் குதித்துத் தப்பிப்பார்கள். இதில் ஆட்கள் சாகிறார்கள், ரத்தமும் தெரிகிறது, கோப்ரா கமாண்டர் தொகுப்பில் இன்னும் அதிகம். நீங்கள் முதலில் படியுங்கள், இரண்டு மூன்று வருஷம் கழித்துக் கொடுக்கலாம்.