அயோடின் ஊற்றியும் இலை கறுக்கவில்லையே! ஒளிச்சேர்க்கை: கேள்வி-பதில்

செம்பருத்தி இலையில் ஸ்டார்ச் (மாவுச்சத்து) சோதனை செய்தோம். அயோடின் ஊற்றியும் பழுப்பாகவே இருந்தது. எங்கே தவறு?

முதலில் நேரத்தைப் பாருங்கள். காலை முதல் பாடவேளையில் பறித்த இலை என்றால் அதில் ஸ்டார்ச் அதிகம் இருக்காது. பகலில் சேர்த்ததை இரவு முழுக்கச் சர்க்கரையாக்கிச் செடி செலவழித்துவிடும். வெயிலில் நின்ற இலையை மதியத்துக்கு மேல் பறியுங்கள்.

அடுத்தது செய்முறை. இலையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்குங்கள். செல் சவ்வு சிதைந்தால்தான் பச்சையம் வெளியேறும், அயோடினும் உள்ளே போகும். பிறகு ஆல்கஹால் உள்ள சோதனைக்குழாயில் போட்டு, குழாயை வெந்நீர் பீக்கருக்குள் நிறுத்துங்கள். அதற்கு முன் அடுப்பை அணைத்துவிடுவது கட்டாயம்: எத்தனால் 78 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும், ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். இலை வெளிறியதும் எடுத்தால் மொடமொடவென்று உடையும். வெதுவெதுப்பான நீரில் அலசினால் துவளும். வெள்ளைத் தட்டில் விரித்து, நீர்த்த அயோடினைச் சொட்டி இரண்டு நிமிடம் காத்திருங்கள். ஸ்டார்ச் இருந்தால் இலை நீலக்கறுப்பாகும்; பச்சை முழுதாகப் போகாத இலையில் அது தெரியாது. வெங்காயத்தாளை எடுக்காதீர்கள், அது ஸ்டார்ச்சாகச் சேமிப்பதில்லை.

பூசணிக்கொடி உச்சி வெயிலில் தொங்கிவிடுகிறது. உடனே தண்ணீர் விடலாமா?

மாலையில் பாருங்கள். தானாக நிமிர்ந்திருந்தால் மண்ணில் ஈரம் போதும்; மதியம் இலை இழந்த வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். விடியற்காலையிலும் துவண்டிருந்தால் வேரடி மண்ணை இரண்டு அங்குலம் கிளறித் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் விடுங்கள். ஈரமாக இருந்தும் துவண்டால் வேர் அழுகலாகலாம். மேலும் தண்ணீர் விட்டால் செடி செத்துவிடும்.

நீரிலிருந்து கரையேறிய நாளிலிருந்து தாவரங்கள் படும் பெரும்பாடு இது. இலையின் மேல் கியூட்டிகிள் என்ற மெழுகுப் பூச்சு இருப்பதால் நீர் எளிதில் கசியாது; ஆனால் கரியமில வாயு நுழைய இலைத்துளை திறந்தே ஆக வேண்டும், அதே வாசல் வழியாக நீராவி போய்விடும். நெல் போன்ற பயிர் ஒரு கரியமில வாயு மூலக்கூறைப் பிடிக்கச் சுமார் 400 நீர் மூலக்கூறுகளை இழக்கிறது. மக்காச்சோளமும் கரும்பும் வாயுவை உள்ளே செறிவாக்கிக்கொள்வதால் ஏறக்குறைய பாதியோடு சமாளிக்கின்றன.

அரச மரமும் ஸ்நேக் பிளான்ட்டும் இரவிலும் ஆக்சிஜன் தருமாமே?

தராது. ஒளிச்சேர்க்கையில் வரும் ஆக்சிஜன் நீர் பிளவுபடுவதால் கிடைப்பது. பிளக்க ஒளி வேண்டும். 1941இல் ரூபன், கேமன் என்ற விஞ்ஞானிகள் கனமான ஆக்சிஜன்-18 கலந்த நீரைக் கொடுத்து இதைக் காட்டினார்கள். இரவில் எல்லாச் செடியும் நம்மைப் போலவே ஆக்சிஜனை எடுத்துச் சுவாசிக்கிறது.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், ஸ்நேக் பிளான்ட், ரணகள்ளி, சப்பாத்திக்கள்ளி போன்றவை இலைத்துளையை இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி மாலிக் அமிலமாகச் சேர்த்து வைக்கின்றன. பகலில் துளையை மூடிக்கொண்டு அதைச் சர்க்கரையாக்குகின்றன. வறண்ட இடத்துக்கு அருமையான ஏற்பாடு! ரணகள்ளி இலை காலையில் புளிப்பதும் மாலையில் புளிப்பு போவதும் இந்தியாவில் பணியாற்றிய பெஞ்சமின் ஹைன் 1813இலேயே எழுதிவைத்த செய்தி. நீங்கள் மென்று பார்க்க வேண்டாம், அதில் இதயத்தைப் பாதிக்கும் நச்சுப்பொருள் உண்டு. விடியலில் ஓர் இலை, மாலை 4 மணிக்கு ஓர் இலை அரைத்து, சாற்றை, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளில் தொட்டாலே வித்தியாசம் தெரியும்.

மதில் சுவரில் மழைக்காலத்தில் பச்சையாகப் படரும் மாஸ் என்ற குட்டிச் செடி ஏன் ஒரு சாண்கூட உயர்வதில்லை?

நீரை மேலேற்றும், தண்டை நிமிர்த்தும் லிக்னின் என்ற கெட்டிப்பொருள் ஏறிய சைலம் (நீர் கடத்தும் திசு) அதற்குக் கிடையாது. தவிர, அதன் ஆண் அணு பெண் அணுவை அடைய நீர்ப்படலத்தில் நீந்த வேண்டும். தாழ்வாக நெருங்கி இருப்பதே வசதி. கோடையில் கருகிக் கிடப்பதைப் பார்த்துச் செத்ததாக முடிவு செய்யாதீர்கள், தண்ணீர் தெளித்துப் பாருங்கள்.

அல்லி இலையின் அடித்தோலை உரித்து நுண்ணோக்கியில் பார்த்தேன். இலைத்துளையே இல்லை.

மேல்தோலை உரியுங்கள். மிதக்கும் இலைக்குக் காற்று படுவது மேற்புறம்தான், துளைகளும் அங்கேதான். ஹைட்ரில்லாவில் எந்தப் புறத்திலும் தேட வேண்டாம்: முழுதும் மூழ்கிய இலை, கரைந்த வாயுவை மெல்லிய தோல் வழியாகவே வாங்கிக்கொள்ளும்.